ஒத்தைப்பாறையில் மூன்று இல்லை

சத்தியம். மூன்று தடவை சொல்லச் சொன்னாலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இப்போது குடிக்கிற வெந்நீர் தொண்டையிலேயே கல்லாகட்டும்; கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், கையால் அணைத்துவிட்டுச் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஆற்றைப் பற்றிய பேச்சில் நாம் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது, அதுவே எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். குறுக்காற்று வெள்ளக் கணிப்பு அலுவலகத்து மாடியில், ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்கும் பத்து ஐம்பதுக்கும் நடுவில் நடந்தது இது. நடந்தது என்றால், உலகம்மை என்கிற ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு மூன்று போன் பேசினாள், அவ்வளவுதான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் பட்ட பயத்தைப் பங்கு வைத்திருந்தால் ஜில்லாவில் ஆளுக்கு ஒரு படி கிடைத்திருக்கும்.

கரண்ட் வந்துவிட்டது, மின்விசிறி ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒரு கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பியது, அதன் இறக்கையில் ஒரு புறா ஏறி உட்கார்ந்து இறங்க மறந்து மூன்று சுற்றுப் போனதை அவள் பார்த்தாள், பார்த்தும் பார்க்கவில்லை, ஏனென்றால் கண் திரையில் இருந்தது. நோட்டு திறந்துகொண்டது. கணக்குப் போடுகிற அந்த மென்பொருளை அவள் நோட்டு என்றுதான் சொல்வாள். ஒரு கட்டத்தில் கட்டளையை எழுதி ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு எண்டரைத் தட்டினால் கீழே விடை வரும், அதற்குக் கீழே அடுத்த கட்டம், பள்ளிக்கூட நோட்டு மாதிரியே. ஒன்பதே காலுக்குப் போட்ட கணக்கு எல்லாம் அப்படியே இருந்தது. நீலக்கோடு, மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிற கோடு, நீர்மட்டம் குறைகிறது என்று கோயில்பிச்சை சார் பார்த்தவுடன் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்ட கோடு. அந்தப் பெருமூச்சில் மேசைக் காகிதம் பறந்தது. அவர்தான் இங்கே பெரியவர், செயற்பொறியாளர், அந்தக் கோட்டைத் தாளில் எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டு முகாமுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். நூற்றுப் பன்னிரண்டு குடும்பம் மூன்று நாளாகப் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடக்கிறது, பதினோரு மணிக்கு வேன் வைத்துக் கீழத்தெருவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று அந்தத் தாள் சொன்னது. சார் சொன்னாரா, தாள் சொன்னதா, அவள் சொன்னாளா. அவள்தான். கோடு அவள் போட்டது. வெளியே வெயில் வேறு அடித்தது, மூன்று நாளாகக் காணாத வெயில், கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்த சொந்தக்காரன் மாதிரி எல்லார் முகத்திலும் விழுந்து சிரித்தது. காலையில் ஆபீஸ் வாசல் கேட் பக்கத்தில் கீரைக்காரி சண்முகக்கனி, அவளும் கீழத்தெருதான், கேட்டாள். எம்மா, வீட்டுக்குப் போவலாமா, கோழியெல்லாம் பட்டினியாக் கெடக்கும். போங்கக்கா, தண்ணி எறங்குது. எவ்வளவு லேசாகச் சொன்னது இந்த வாய். அப்போது ஏன் பயம் இல்லை. இப்போது ஏன் இருக்கிறது. கரண்ட் போன இருட்டில் திரை அணைந்தபோது கடைசியாகக் கண்ணில் நின்றது அந்தக் கோடு. அணைந்த திரையில்தான் அது சரியாகத் தெரிந்தது. ஆறு அப்படி இறங்காது. ஆறு ஏறும்போது திருடன் மாதிரி ஏறும், இறங்கும்போது கிழவன் மாதிரி இறங்கும், படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி. இது வழுக்கியிருக்கிறது. எதற்கு வழுக்கியது. சும்மா இரு உலகம்மை, கையெழுத்து ஆகிவிட்டது. சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

ஷிஃப்ட், எண்டர். சிவப்பு எழுத்து. கோப்பு கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்காமல் போகும், ஒன்பதே காலுக்குப் படித்த கோப்பு, விடை கீழேயே இருக்கிறது, கோடு கீழேயே இருக்கிறது, உன் பக்கத்திலேயே உன் கையால் எழுதியிருக்கிறாய், கேட்டால் தெரியாது என்கிறாய். இந்த நோட்டின் குணம் அது, அவளுக்குத் தெரியும். அணைத்துத் திறந்தால் எழுதினது எல்லாம் ஏட்டில் இருக்கும், நினைவு மட்டும் போய்விடும். மேலிருந்து ஒவ்வொரு கட்டமாக மறுபடி ஓட்டினால்தான் புத்தி திரும்பும். சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது இப்படித்தான், சுவரில் அவர் கல்யாணப் படம், கையில் மோதிரம், பக்கத்தில் சித்தி, யாரு இந்தப் பொம்பளை என்றார். சித்தி அழவில்லை, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், இன்னார் மகள், இன்ன ஊர், இன்ன வருஷம். அதை ஏன் இப்போது நினைக்கிறாய், கோப்பைத் தேடு. நோட்டு எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் தேடும், வாசலைத் தாண்டி எட்டிப் பார்க்காது. திறந்தவுடன் அது தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ எங்கே இருக்கிறாய் என்று அதைக் கேட்கவே ஒரு கட்டளை உண்டு. கேட்டாள். ஏதோ ஓர் ஃபோல்டர், அவள் வாழ்நாளில் கால் வைக்காதது. எழுந்து வா, இங்கே உட்கார், என்று டவுன்லோடு ஃபோல்டரின் முழு விலாசத்தையும் கொடுத்தாள், எழுத்து எழுத்தாக, அவசரத்தில் ஓர் எழுத்து தப்பி, மறுபடி சிவப்பு, மறுபடி விலாசம். மணி பத்து பதினொன்று. அந்த ஃபோல்டரில் ஒத்தைப்பாறை என்ற பேரில் நாலு கோப்பு. ஒத்தைப்பாறை, ஒத்தைப்பாறை ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே பேரில் தினமும் அனுப்புவார் லிங்கத்துரை அண்ணன், மலையடிவாரப் பிரிவு அலுவலகத்தில் தட்டச்சு வேலை, நாள் போடுங்கண்ணே பேரோட என்று நூறு தடவை சொல்லியாயிற்று, நாள் உள்ள இருக்குல்லா தாயி என்பார். காலையில் எதைப் படித்தேன். பழையதைப் படித்துவிட்டேனா. நெஞ்சு இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. எழுதியிருப்பது மூன்று. மூன்றுதான் இன்றைக்கு வந்தது. அப்படியானால் சரிதான். அப்படியானால் கோடும் சரிதான், வழுக்கினால் என்ன, சில நாள் வழுக்கும், மேலே மழை சட்டென்று விட்டிருக்கும். மூடிவிடலாமா. மூடிவிட்டால் பதினோரு மணி தானாக வந்துவிடும், வேன் தானாகப் போய்விடும், அப்புறம் நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்தவுடன் உள்ளங்கை வேர்த்தது, ஏனென்றால் அது ஒன்றும் தெரியாதவளுக்கு வருகிற நினைப்பு இல்லை.

மூன்றாம் கோப்பைப் படி என்றாள். படித்தது. திரை முழுக்கப் பட்டியல் விழுந்தது, மணி ஒரு பத்தி, மட்டம் ஒரு பத்தி, கடைசியில் பூச்சி பூச்சியாக ஏதோ எழுத்து, தலைகீழாகத் தொங்குகிற கொம்பு, புள்ளி, தேள் கொடுக்கு. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்து என்று சொல்லிக் கொடுக்காமல் படிக்கச் சொன்னால் இந்த நோட்டு அதை இப்படித்தான் கடித்துத் துப்பும். அந்தக் கொடுக்குகளைப் பார்த்ததும் சித்திரை மாதம் ஞாபகம் வந்தது. ஆறு காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்த சித்திரை, ஒத்தைப்பாறையில் அளவு பார்க்கிற மாசானம் தினமும் மட்டம் என்ற இடத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் இல்லை. எண் வரவேண்டிய இடத்தில் சொல் வந்ததால் நோட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றுவிட்டது, தினமும் நின்றது. சார் வந்து தோளுக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டே, இதுக்கு ஒரு வழி பண்ணும்மா, இல்லைன்னா சைபர்தானே, என்றார். அவளும் ஒரு கட்டம் எழுதினாள், ஒரே வரி, நல்ல சுத்தமான வரி: இல்லை என்று எங்கே கண்டாலும் பூஜ்யம் என்று மாற்றிக்கொள். ஓட்டிப் பார்த்ததும் கோடு அழகாகத் தரையோடு தரையாகக் கிடந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒரு டீயும் முறுக்கும் சார் கணக்கில் வந்தது. முறுக்கு நமத்திருந்தது. நல்ல நினைவுதான், ஆனால் ஏன் பின்கழுத்தில் குளிர்கிறது. காலையில் அவசரத்தில் எல்லாக் கட்டத்தையும் ஒரே அமுக்கில் ஓட்டினாய், மேலே படித்தது, நடுவில் மாற்றியது, ஆறு மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தது, கீழே கோடு போட்டது, நீ கீழே கோட்டை மட்டும் பார்த்தாய். நடுவில் என்ன மாற்றியது என்று பார்த்தாயா. மாற்றுவதற்கு இன்றைக்கு என்ன இருந்தது. வெள்ளத்தில் எவன் இல்லை என்பான்.

தமிழ் என்று சொல்லிப் படிக்கச் சொன்னாள். மாற்றுகிற கட்டத்தைத் தொடவில்லை. பூச்சிகள் எழுந்து எழுத்தாயின. ராத்திரி பன்னிரண்டு, மூன்று மீட்டர் பத்து. ஒன்று, மூன்று நாற்பத்தைந்து. இரண்டு, மூன்று தொண்ணூறு. மூன்று மணிக்கு நாலு நாற்பது. நாலு மணிக்கு ஐந்து அஞ்சு. விடியற்காலை ஐந்து மணிக்கு ஐந்து எழுபது. ஆறு மணிக்கு, இல்லை. ஏழு மணிக்கு, இல்லை. எட்டு மணிக்கு, இல்லை. மூன்று இல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, தலைவாரிப் பொட்டு வைத்துப் பள்ளிக்கூட வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். அவை அவளைப் பார்த்தன. என்ன இல்லை. ஐந்து எழுபது இருந்த ஆற்றில் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இல்லையா, ஆற்றை யாராவது பாயைப் போல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்களா. மாசானம் இல்லையா, வீட்டுக்குப் போய்விட்டானா, அவனுக்குக் காய்ச்சலா. போன் இல்லையா. வெளிச்சம் இல்லையா, ஆறு மணிக்கு வெளிச்சம் உண்டே. இல்லை என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சொல் இருந்திருக்கவேண்டும், ஒரே ஒரு சொல், அதை யாரோ விழுங்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குப் பேப்பரில் நம்பர் பார்த்த மாமா தலையைத் தூக்காமல் இல்லை என்றார். அம்மா அடுப்படிக்குள் போனாள், அவள் கிணற்றடிக்குப் போனாள், கிணற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் மாமா வந்து, கண்ணாடி இல்லைன்னு சொன்னேன் பிள்ள, உன் நம்பர் இருக்கு, என்றார். சிரித்தார்கள் எல்லாரும். இவளும் சிரித்தாள். கிணற்றின் குளிர் மட்டும் முழங்காலில் தங்கிவிட்டது, அது இப்போது மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாசானத்துக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். மறுபடி. அப்பால். அந்தப் பொம்பளைக் குரலுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம். லிங்கத்துரை அண்ணனுக்குப் போட்டாள். மணி பத்து இருபத்திரண்டு. எடுத்தார், எடுக்கும்போதே எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒத்தைப்பாறை ஆறு மணிக்கு இல்லைன்னு அடிச்சிருக்கீங்களே. என்னது இல்ல?"

"மாசானம் சொன்னதத்தான் அடிச்சேன் தாயி. என் சொந்தச் சரக்கு ஒண்ணும் அதுல கெடையாது."

"அவர் என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்க."

"கோலு இல்லைன்னான்."

"கோலா?"

"அளவுகோலு தாயி. பாறையில நட்டு வச்சிருக்கோம்லா, ஆறு மீட்டர் கோலு. அதக் காணலைன்னான்."

"எங்க போச்சு அது?"

"எங்க போவும், மாமியார் வீட்டுக்கா போவும். தண்ணிக்குள்ள போயிருக்கும். நுனி வரைக்கும் முங்கிட்டு, அவன் எத வச்சு அளப்பான் பாவம்." மென்றதை விழுங்கினார். "மட்டம்னு போட்ட எடத்துல ரெண்டு வார்த்த அடிச்சா கட்டத்துக்கு வெளிய ஓடுது. அதான் கோல எடுத்துட்டு இல்லைய மட்டும் வச்சேன். பாக்க அடக்கமா இருக்குல்லா?"

இருந்தது. ரொம்ப அடக்கமாக இருந்தது. அவள் போனை வைத்தாளா, அவர் வைத்தாரா, தெரியவில்லை. ஆறு மீட்டருக்கு மேலே. எவ்வளவு மேலே என்று சொல்ல ஆள் இல்லை, கோல் இல்லை. ஆறு எப்போதையும்விட உயரமாக நின்ற மூன்று மணி நேரத்துக்கு அவள் பூஜ்யம் போட்டிருக்கிறாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், நாலு நாற்பதோடும் ஐந்து அஞ்சோடும் ஐந்து எழுபதோடும் மூன்று பூஜ்யத்தைக் கலந்து ஆறால் வகுத்தால் இரண்டரை, அதற்கு முந்தின சராசரி நாலேகால், நாலேகாலிலிருந்து இரண்டரைக்கு வழுக்குகிற நீலக்கோடு. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கணக்கு ஒரு நாளும் தப்பு செய்யாது, அதுதான் அதில் உள்ள பயங்கரம், நீ கொடுத்த பொய்யை அது நாலு தசமம் வரை சுத்தமாகக் கூட்டித் தரும். ஒத்தைப்பாறையில் ஐந்தரை தாண்டினால் கீழத்தெருவில் தண்ணீர், இது அந்த ஊர்ச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அங்கிருந்து இங்கே வர ஏழு மணி நேரம். ஐந்து மணித் தண்ணீர் பன்னிரண்டு மணிக்கு வாசலுக்கு வரும், ஆறு மணித் தண்ணீர் ஒரு மணிக்கு ஜன்னலுக்கு வரும். பதினோரு மணிக்கு வேன். வீட்டுக்குப் போய்ச் சேறு அள்ளிக்கொண்டிருப்பார்கள், குனிந்துகொண்டிருப்பார்கள், குனிந்திருக்கிறவனுக்குத் தண்ணீர் வருவது முதலில் காலில்தான் தெரியும். அந்தத் தண்ணீர் இப்போது எங்கே இருக்கும். வழியில் இருக்கிறது. இந்த நிமிஷம், இந்த வெயிலில், யாருக்கும் தெரியாமல், வளைவு வளைவாகத் திரும்பி, புளியமரத்தைக் கேட்டு, பாலத்தைக் கேட்டு, கீழத்தெருவுக்கு வழி விசாரித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு அதன் சத்தம் கேட்டது. மின்விசிறியின் சத்தம்தான் அது. இல்லை, தண்ணீர்தான். ஒப்பந்தம் இரண்டு வாரத்தில் முடிகிறது, புதுப்பிக்கும் தாள் சார் மேசையில் இருக்கிறது, அதையும் நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னைத்தானே அறைய வேண்டும்போல் இருந்தது. தொண்டையில் நமத்த முறுக்கின் ருசி. மாற்றுகிற வரியில் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஆறு என்று போட்டு ஓட்டினாள். நீலக்கோடு துள்ளி எழுந்து மேல் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மணி பத்து முப்பத்தொன்று.

சாருக்கு அடித்தாள். கூட்டத்தில் இருப்பார், போனை ஊமையாக்கித் தொடைக்கடியில் வைத்திருப்பார், அவர் தொடைக்கடியில் போன பொருள் பூமிக்கடியில் போன மாதிரி. ஏழு தடவை. எழுத்தில் அனுப்பினாள், கோட்டையும் அனுப்பினாள். பார்த்ததாகக் குறி விழவில்லை. கூட்டம் நடக்கிற இடத்துக்கு ஆட்டோ முக்கால் மணி நேரம். முகாமில் யார். கீழத்தெருவுக்கு வி.ஏ.ஓ. அனஞ்சபெருமாள், வேனில் ஏற்றுவது அவர் பொறுப்பு, நம்பர் அந்தத் தாளின் நகலில் கீழேயே இருந்தது. அடித்தாள். எடுத்தவுடன் பின்னால் நூறு குடும்பத்துச் சத்தம், பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ மூட்டையைத் தூக்கச் சொல்லித் திட்டுகிற சத்தம்.

"சார், வெள்ளக் கணிப்பு ஆபீஸ்லருந்து பேசுதேன். ஆளுகள அனுப்பாதீங்க. தண்ணி வருது."

"எங்கம்மா வருது? இங்க வெயிலு மண்டையப் பொளக்கு."

"மேல ஆறு மீட்டரத் தாண்டிட்டு சார். காலைல கணக்குல ஒரு தப்பு."

"நீ யாரும்மா? ஆபீஸரா?"

"கான்ட்ராக்டு."

"கான்ட்ராக்டா." அந்த ஒரு சொல்லை அவர் தராசில் போட்டு நிறுத்துப் பார்ப்பது போனிலேயே கேட்டது. "உங்க ஆபீஸ் தாளு என் கையில இருக்கு, கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. போலாம்னு இருக்கு. போகாதேன்னு இன்னொரு தாளு கொண்டா, நிறுத்துதேன். இவனுவ மூணு நாளா உப்புமா தின்னுட்டு என்னையே திங்கணும்னு பாக்கானுவ. இப்ப நான் போய் நில்லுன்னா, கொடிமரத்துல கட்டிப் போட்டுருவானுவ."

"சார், ஒரு மணிக்கு ஜன்னல் வரைக்கும்..."

வைத்துவிட்டார். தப்புச் சொல்ல முடியாது, தாள் அவர் கையில், குரல் இவள் வாயில். தாளைத் தாள்தான் வெட்டும். கையெழுத்துப் போடுகிற கை தொடைக்கடியில் போனோடு உட்கார்ந்திருக்கிறது. தானே சாரின் கையெழுத்தைப் போட்டுவிட்டால். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும், இரண்டு கொக்கி, ஒரு சுழி. போட்டு யாரிடம் கொடுத்து எப்படி அனுப்ப, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள், வெயில், சைக்கிள்கள், ஒருத்தர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார், அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தில் ஒரு பயமும் இல்லாத தொண்டை. நில் என்றால் நிற்கமாட்டார்கள். பயப்படு என்றால் பயப்படமாட்டார்கள், மூன்று நாளாகப் பயந்து பயந்து அது தீர்ந்துபோயிருக்கும், பானையில் அரிசி தீர்வதுபோல் பயமும் தீரும். மூன்று நாளாக உப்புமா. உப்புமா. அந்தச் சொல்லில் அவள் மனசு ஒரு முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது, போகவும் இல்லை, வரவும் இல்லை. உப்புமாவைத் தின்றவன் எதற்கு நிற்பான். அவள் எழுந்தாள். சார் அறைக்குப் போனாள். மேசையில் லேண்ட்லைன். ரிசீவரை எடுத்து, குரலைத் தாழ்த்தி, மூக்கில் கொஞ்சம் கட்டி, வாழ்நாள் முழுக்கப் பிறரைக் காக்க வைத்தே பழகின ஒருத்தியின் குரலை எங்கிருந்தோ எடுத்து மாட்டிக்கொண்டாள். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியாது. பல் மட்டும் கிடுகிடுத்தது, அதைக் கடித்து நிறுத்தினாள்.

"அனஞ்சபெருமாள்தானே. மேலிடத்திலருந்து பேசுறேன்."

"அம்மா. சொல்லுங்கம்மா." எழுந்து நின்றுவிட்டார், குரலிலேயே தெரிந்தது. மேலிடம் என்றால் எந்த மேலிடம் என்று அந்த ஜில்லாவில் எவனும் கேட்டதில்லை. இவளும் பொய் சொல்லவில்லை, மாடியிலிருந்துதான் பேசினாள்.

"முகாம்ல எத்தனை பேர்?"

"நானூத்திப் பன்னெண்டும்மா. வேன் வந்துட்டு, ஏத்தப் போறேன்."

"ஏத்தாதீங்க. மதியம் முகாமுக்கு ஆட்டுக்கறி பிரியாணி. தலைக்கு ஒரு பொட்டலம், ஒரு முட்டை. ஆள் அங்க இருந்தாத்தான் கொடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. ஒரு தலை குறைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் பின்னால் திரும்பி, மூட்டைய எறக்குங்க, என்று கத்துவது கேட்டது. 

"எத்தன மணிக்கும்மா வரும்?"

"ஒரு மணிக்கு வந்துரும்."

"நிச்சயமா வருமாம்மா? ஏன் கேக்கேன்னா, போன வருசமும் இப்பிடித்தான் சொல்லி..."

"வரும்," என்றாள் உலகம்மை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் அவளுடைய சொந்தக் குரலாகிவிட்டது. "கிளம்பியாச்சு. வழியில வந்துட்டிருக்கு."

மணி பத்து ஐம்பது. ரிசீவரை வைத்தாள். அப்புறம் ஒரு மணி வரைக்கும் அவள் என்ன நினைத்தாள் என்று கேட்காதீர்கள். நினைப்பு என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம். வராமல் போய்விட்டால் என்று ஒரு பயம், வந்துவிட்டால் என்று ஒரு பயம், இரண்டும் மாறி மாறி அவளை ஊஞ்சல் ஆட்டின. வரட்டும் என்று ஒரு தடவை வேண்டிவிட்டாள், தண்ணீர் வரவேண்டும் என்று, நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குள் புகவேண்டும் என்று. வேண்டினது தன் வாய்தானா என்று விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்துக்குப் புகுந்தது. ஒரு மணிக்கு ஜன்னல் கம்பியைத் தொட்டது, ஒன்றரைக்கு ஜன்னலைக் காணவில்லை. பள்ளிக்கூட மாடியில் நின்று நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள், ஒரு தலை குறையாமல். தங்கள் கட்டிலும் அண்டாவும் தெருவில் ஊர்வலம் போவதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே, பிரியாணி வரும் வழியில்தான் மாட்டிக்கொண்டதோ என்று கவலைப்பட்டார்கள். மூன்று மணிக்கு உப்புமா வந்தது.

அப்புறம் என்ன. விசாரணை வந்தது. மூன்று இல்லைக்கு மூன்று பூஜ்யம் போட்டது நான்தான் என்று அன்றைக்குச் சாயங்காலமே உலகம்மை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சார் மேசையில் வைத்துவிட்டாள். கோயில்பிச்சை சார் அதை இரண்டு தடவை படித்தார், சித்திரையில் தான் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, தன் கையெழுத்தையும் அதற்குக் கீழே போட்டார். தண்ணீரை மன்னித்துவிட்டார்கள். ஆள் தப்பினால் எந்தத் தப்பையும் மன்னிக்கிற ஜனம்தான் நம்முடையது. பிரியாணியைத்தான் மன்னிக்கவில்லை. யார் அந்த மேலிடத்துப் பொம்பளை என்று கீழத்தெரு இன்றைக்கும் தேடுகிறது. அந்தக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. அதற்காக மூன்று தடவை மறியல் நடந்திருக்கிறது. வெள்ளத்தில் வீடு போனவன்கூட என் பொட்டலம் எங்கே என்றுதான் கேட்கிறான், அனஞ்சபெருமாள் இரண்டு ஊர் மாற்றலாகியும் அங்கேயும் வந்து கேட்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் பிரியாணிக்கு மட்டும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை, அந்த மாடியிலேயே அதே நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள், ஐப்பசி பிறந்தால் லேண்ட்லைன் அடிக்கும்போது ஒரு குதி குதிக்கிறாள். அவள் பேரை உங்கள் காதில் போட்டுவிட்டேன், அது போதும், காதோடு இருக்கட்டும். எவனாவது வந்து, இது உனக்கு எப்படித் தெரியும், எவன் சொன்னான் என்று மடக்கினால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள், முகம் பார்க்கவில்லை, பாதி வழியில் இறங்கிவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். நானும் கீழத்தெரு வழியாகத்தான் தினமும் வீட்டுக்குப் போகவேண்டும்.